வாசகர் கேள்வி–பதில்: குடும்ப வன்முறைப் புகார் எந்த மேசையில் நின்றுபோகிறது?

கணவனிடம் அடிபட்டுக் காவல் நிலையம் சென்ற ஒரு பெண்ணின் புகார், பல மாதங்கள் அலைந்த பிறகு ஒன்றுமில்லாமல் முடிந்துபோனதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகி எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் என் மேசையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களில் சிலர் அச்சத்துடன்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதால் எல்லோருடைய பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன். சட்டப் பிரிவுகள் நாட்டுக்கு நாடு மாறுபடும். புகார் தேங்கி நிற்கும் இடங்களோ பெரும்பாலும் எங்கும் ஒன்றாகவே இருக்கின்றன. எனவே பிரிவு எண்களைத் தவிர்த்து, நடைமுறையைப் பற்றியே பதில் சொல்ல முயல்கிறேன்.

கேள்வி: அடுத்த வீட்டில் நள்ளிரவில் அலறல் கேட்டுக் காவல்துறையை அழைத்தேன். வந்த இருவர் வாசலில் நின்று கணவரிடம் பேசிவிட்டு, "அனுசரித்துப் போங்கள்" என்று சொல்லிச் சென்றார்கள். பத்து நாள் கழித்து மீண்டும் அதே அலறல், மீண்டும் அழைத்தேன். இம்முறை வந்தவர்கள் வேறு காவலர்கள். முன்பு நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. நான் அழைத்தது வீண்தானா? (ஒரு வாசகி)

வீண் இல்லை, அம்மா. நீங்கள் அழைத்ததால் இரண்டு முறை அந்த வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது: "முன்பு நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை." குடும்ப வன்முறையைப் பொறுத்தவரை நீதி அமைப்பின் மிகப் பெரிய குறை இதுவே என்று நான் கருதுகிறேன்.

காவல்துறையும் நீதிமன்றமும் குற்றத்தை ஒரு சம்பவமாகப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டவை. திருட்டு என்றால் அது நடந்த நாள், நேரம், பொருள், ஆள் என்று எழுதி முடித்துவிடலாம். வீட்டுக்குள் நடக்கும் வன்முறை அப்படிப்பட்டதல்ல. இன்று விழுந்த ஓர் அறை, சென்ற ஆண்டு நெரித்த கழுத்தையும், பூட்டி வைத்த கைப்பேசியையும், "அம்மா வீட்டுக்குப் போனால் கொன்றுவிடுவேன்" என்ற சொல்லையும் தன்னுள் வைத்திருக்கிறது. அடிபட்டவளுக்கு அந்த அறையின் முழுப் பொருளும் தெரியும். வாசலில் நிற்கும் காவலருக்கு அது சிவந்த கன்னம் மட்டுமே. அவர் எழுதும் அறிக்கை "வாய்த்தகராறு, சமாதானம் செய்யப்பட்டது" என்று முடிந்துவிட்டால், அதன்பின் அந்தக் காகிதத்தைக் கையில் எடுக்கும் விசாரணை அதிகாரி, அரசு வழக்கறிஞர், பிணை மனுவைக் கேட்கும் நீதிபதி ஆகிய எவருக்கும் சிவந்த கன்னத்துக்கு மேல் எதுவும் தெரிய வழியில்லை. ஒவ்வொருவரும் தம் மேசைக்கு வந்ததை வைத்து நேர்மையாகவே முடிவெடுத்தாலும், கடைசியில் அந்தப் பெண் பாதுகாப்பின்றி நிற்க நேரிடுகிறது.

இதை முதலில் ஓர் ஊர் முழுவதுமாகச் சேர்ந்து சரிசெய்யப் பார்த்த இடங்களுள் ஒன்று அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள டுலூத் நகரம். 1980களின் தொடக்கத்தில் அங்கே காவல்துறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம், நீதிமன்றம், சிறை, நன்னடத்தை அலுவலகம், பெண்கள் காப்பகம் எல்லாம் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. ஒவ்வோர் அமைப்பும் தன் விருப்பம்போல நடக்காமல், எழுதி வைத்த பொது விதிமுறைப்படி நடக்க வேண்டும். வழக்குகள் அப்படி நடக்கின்றனவா என்பதை வெளியிலிருந்து ஒரு குழு தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த முயற்சியில் முன்நின்ற எல்லன் பென்ஸ் பின்னாளில் இன்னொரு வழிமுறையையும் உருவாக்கினார். தணிக்கையாளர் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல, அழைப்பு வந்த நொடியிலிருந்து தீர்ப்பு வரை ஒரு வழக்கு எந்தெந்தக் கைகள் வழியாகப் போகிறது, ஒவ்வொரு படிவத்திலும் என்ன கேட்கப்படுகிறது, என்ன கேட்கப்படாமல் விடப்படுகிறது என்று பின்தொடர்ந்து பார்ப்பது அது. இந்தத் தணிக்கையில் தனிமனிதர்களைக் குற்றம் சாட்டுவதில்லை. "இவர் ஏன் இப்படி எழுதினார்" என்று கேட்காமல், "இவரை இப்படி எழுத வைத்த படிவம் எது, பயிற்சி எது, வேலைப்பளு எது" என்றே கேட்கிறார்கள்.

உங்கள் அழைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசியை எடுத்தவரின் கணினித் திரையில், இதே முகவரியிலிருந்து பத்து நாள் முன்பு ஓர் அழைப்பு வந்தது என்ற ஒரு வரி தோன்றியிருந்தால், அவர் அதை வண்டியில் இருப்பவர்களுக்குச் சொல்லியிருப்பார். அவர்கள் வாசலிலேயே நின்றிருக்க மாட்டார்கள். கணவனையும் மனைவியையும் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாத தூரத்துக்குப் பிரித்து, தனித்தனியாக விசாரித்திருப்பார்கள். "சண்டையா?" என்று அவளிடம் பொதுவாகக் கேட்பதற்குப் பதிலாக, "இதற்கு முன் எப்போது நடந்தது, மிக மோசமாக நடந்தது எது, இப்போது எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டிருப்பார்கள். இந்த மூன்று கேள்விகளையும், அவற்றின் பதில்களை எழுத இடத்தையும் அறிக்கைப் படிவத்திலேயே அச்சிட்டு வைத்துவிட்டால், நல்ல காவலர் வரும் இரவு, அலட்சியமான காவலர் வரும் இரவு என்ற வேறுபாடு பெருமளவு குறைந்துவிடும். மினசோட்டாவிலேயே உள்ள செயின்ட் பால் நகரம் 2010ஆம் ஆண்டளவில், தொலைபேசி எடுப்பவர் முதல் தண்டனைக்குப் பின் கண்காணிப்பவர் வரை ஒவ்வொருவரும் என்ன கேட்க வேண்டும், என்ன எழுத வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரே ஆவணமாகத் தொகுத்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

சில நாடுகள் சட்டத்தையே இந்தப் பார்வைக்கு ஏற்ப மாற்றிவிட்டன. ஸ்காட்லாந்தில் 2018இல் இயற்றப்பட்டு 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், துணைவரைத் தொடர்ந்து அடக்கி ஒடுக்கும் நடத்தை முழுவதையும் ஒரே குற்றமாகக் கருதுகிறது. வெளியே போகவிடாமல் தடுப்பது, கைப்பேசியைக் கண்காணிப்பது, பணம் தராமல் வைப்பது, அவமானப்படுத்துவது ஆகியவையும் அதில் அடங்கும். அடித்த தழும்பைக் காட்டினால்தான் குற்றம் என்ற நிலை அங்கே இல்லை.

எனவே மூன்றாம் முறையும் அலறல் கேட்டால் தயங்காமல் அழையுங்கள். அழைக்கும்போது முந்தைய இரண்டு அழைப்புகளின் நாளையும் ஏறத்தாழ நேரத்தையும் நீங்களே சொல்லி, அதை எழுதிக்கொள்ளுமாறு கேளுங்கள். அமைப்பு மறந்துவிட்டதை நீங்கள் நினைவுபடுத்துவது தவறில்லை.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகள் காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். காலையில் அழுதுகொண்டே புகார் கொடுக்கும் பெண், அடுத்த வாரம் அவளே வந்து வாபஸ் வாங்குவாள். நீதிமன்றம் வரை போனாலும் அங்கே பிறழ்சாட்சி ஆகிவிடுவாள். அவளுக்கே வேண்டாம் என்றால் நாங்கள் என்ன செய்ய முடியும்? எங்களைக் குறை சொல்வது நியாயமா?

ஐயா, உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவெல்லாம் விழித்து எழுதிய வழக்கு கைநழுவிப் போகும்போது யாருக்கும் மனம் விட்டுப்போகும். ஆனால் "அவளுக்கே வேண்டாம்" என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவளுக்கு எது வேண்டாம் என்று நாம் கேட்பதில்லை. பெரும்பாலும் அவளுக்கு அடி வேண்டாம். அந்த மனிதனோ, அவன் சம்பளமோ, குழந்தைகளின் அப்பாவோ, தலைக்கு மேலுள்ள கூரையோ வேண்டும். வழக்கு அவளுடைய பெயரில், அவளுடைய வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நடக்கும்போது, அத்தனையையும் இழக்கும் பொறுப்பையும் அவள் தலையிலேயே வைக்கிறோம். அவனும் அவன் வீட்டாரும் அழுத்தம் கொடுக்க வேண்டிய ஆள் அவள் ஒருத்திதான் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

அந்த அழுத்தம் எப்போதும் மிரட்டலாக வருவதில்லை. அமெரிக்காவில், சிறையில் இருந்த ஆண்கள் தாங்கள் அடித்த பெண்களிடம் பேசிய, பதிவு செய்யப்பட்ட தொலைபேசி உரையாடல்களைச் சில ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்து 2011இல் வெளியிட்டார்கள். பெண்களின் மனத்தை மாற்றியதில் மிரட்டலைவிட இரக்கத்தைத் தூண்டும் பேச்சுக்கே பெரிய பங்கு இருந்தது. இங்கே நான் படும் பாட்டைப் பார், நீயும் குழந்தைகளும் இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை என்று கெஞ்சி, பழைய நல்ல நாள்களை நினைவூட்டி, பிறகு எந்த வாக்குமூலத்தை எப்படி மாற்றிச் சொல்ல வேண்டும் என்று சேர்ந்து திட்டமிடுவது வரை அது போகிறது. கைதாகி முதல் சில நாள்களுக்குள் இந்த வேலை நடந்து முடிந்துவிடுகிறது. அந்த நாள்களில் அவள் பக்கத்தில் நின்று பேச அமைப்பிலிருந்து ஒருவரும் இல்லையென்றால், அவன் குரல் மட்டுமே அவள் காதில் கேட்கும்.

இங்கே செய்யக்கூடியது இரண்டு. அவள் சாட்சி சொல்ல வராவிட்டாலும் வழக்கு நிற்கும்படி முதல் ஒரு மணி நேரத்திலேயே ஆதாரம் திரட்டுவது ஒன்று. அழைப்பின் ஒலிப்பதிவு, உடலில் அணிந்த கேமராவின் காட்சி, உடைந்த கதவின் படம், அன்றைக்கும் மூன்று நாள் கழித்தும் எடுத்த காயத்தின் படங்கள் (காயம் பல நேரம் பிறகுதான் கன்றிக் கறுக்கும்), அடுத்த வீட்டாரின் வாக்குமூலம், மருத்துவக் குறிப்பு, அவன் அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாம் சேர்ந்தால் அது கொலை வழக்கைப்போலத் தன் காலில் நிற்கும். கொலை வழக்கில் இறந்தவர் வந்து சாட்சி சொல்வதில்லையே. இரண்டாவது, வழக்கை நடத்துவது அரசுதான், அவளல்ல என்பதை அவளுக்கும் அவனுக்கும் ஒருசேரத் தெளிவாகச் சொல்லிவிடுவது. "நான் நினைத்தாலும் நிறுத்த முடியாது, சர்க்கார் நடத்துகிறது" என்று அவள் சொல்ல முடிந்தால், அந்தச் சொல்லே அவளுக்கு ஒரு கவசம்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009 ஜூனில் துருக்கிக்கு எதிராக வழங்கிய தீர்ப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வழக்கில் ஒரு பெண்ணும் அவருடைய தாயும் பல ஆண்டுகள் புகார் கொடுத்தார்கள். மிரட்டலுக்கு அஞ்சி வாபஸ் வாங்கினார்கள். ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் "குடும்ப விஷயம்" என்று வழக்கை மூடினார்கள். 2002இல் அந்தத் தாயை மருமகனே சுட்டுக் கொன்றான். குற்றம் எவ்வளவு கடுமையானதோ, அது மீண்டும் நடக்கும் வாய்ப்பு எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டவர் வாபஸ் வாங்கினாலும் பொதுநலன் கருதி அரசு வழக்கைத் தொடர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. உயிரைக் காக்கத் தவறியதற்குத் துருக்கி அரசைப் பொறுப்பாக்கியது. வாபஸ் கடிதம் மேசைக்கு வந்தால் அதைக் கோப்பில் சேர்த்துவிட்டு மூடுவதற்கு முன், "இதை எழுதும்படி யாராவது சொன்னார்களா?" என்று அவளைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டிய கடமை இருக்கிறது என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் இந்தக் கொள்கையை எதிர்ப்பக்கம் வரை இழுத்துச் சென்று, சாட்சி சொல்ல மறுத்த பெண்ணையே சிறையில் அடைத்திருக்கிறார்கள். அடிபட்டவளைத் தண்டிக்கும் அமைப்பை அவள் மறுமுறை அழைக்க மாட்டாள். அவள் வராமலேயே நிற்கும் வழக்கைக் கட்டுவதுதான் நம் வேலை.

கேள்வி: அடித்தவனை உடனே கைது செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? (சட்டம் பயிலும் மாணவர்)

நேரடியான கேள்வி. இதற்கு விடை தேடி நடந்த ஆய்வுகளின் கதை ஒவ்வொரு சட்ட மாணவரும் அறிய வேண்டியது. 1981 முதல் 1982 வரை மினியாபொலிஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. சிறு அளவிலான அடிதடி அழைப்புகளில் காவலர் என்ன செய்ய வேண்டும் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். சிலரைக் கைது செய்தார்கள். சிலரை எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு அனுப்பினார்கள். சிலரிடம் அறிவுரை மட்டும் சொன்னார்கள். மொத்தம் 314 வழக்குகள். அடுத்த ஆறு மாதக் காவல் பதிவேடுகளைப் பார்த்தபோது, கைது செய்யப்பட்டவர்களில் சுமார் 10 சதவீதத்தினரும், அறிவுரை பெற்றவர்களில் 19 சதவீதத்தினரும், வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24 சதவீதத்தினரும் மீண்டும் வன்முறையில் ஈடுபட்டிருந்தார்கள். 1984இல் இது வெளியானதும் அமெரிக்க மாநிலங்கள் பல கைதைக் கட்டாயமாக்கின.

அதே காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் டோரிங்டன் நகரத்தில் நடந்ததும் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியது. பல மாதங்களாகக் கணவனைப் பற்றிப் புகார் கொடுத்துவந்த ஒரு பெண்ணை 1983இல் அவன் கத்தியால் குத்தினான். காவலர் வந்து நின்ற பின்பும் அவர் கண்ணெதிரிலேயே அவள் தலையில் உதைத்தான். அந்நியன் தாக்கினால் காப்பாற்றும் காவல்துறை, கணவன் தாக்கினால் ஒதுங்கி நிற்பது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று 1984இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்றது. பின்னர் நடுவர் குழு அவளுக்கு 23 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது.

ஆனால் மினியாபொலிஸ் ஆய்வை வேறு நகரங்களில் திரும்பச் செய்தபோது படம் குழம்பியது. மில்வாக்கியில், வேலையில் இருந்தவர்களைக் கைது அடக்கியது. வேலையற்றவர்களிடமோ வன்முறை கூடியது. இழப்பதற்கு ஏதும் இல்லாதவனுக்குச் சில மணி நேரக் காவல் அவமானமாக மட்டும் பதிகிறது, அந்தக் கோபம் திரும்பி அவள்மேல் பாய்கிறது என்று இதற்கு விளக்கம் சொன்னார்கள். பிறகு பல நகரங்களின் தரவுகளை ஒன்றாக்கி 2001இல் ஆராய்ந்தபோது, கைதுக்கு நன்மையான விளைவு உண்டு, ஆனால் அது மிதமானதே என்று தெரிந்தது.

என் முடிவு இது: காயமும் ஆதாரமும் இருக்கும் இடத்தில் கைது செய்யத்தான் வேண்டும், வீட்டுக்குள் நடந்தது என்பதற்காகச் சலுகை கூடாது. ஆனால் காலையில் கைது, மாலையில் பிணை, அவளுக்குத் தகவல்கூட இல்லை என்றால், அந்தக் கைது அவளுடைய ஆபத்தைக் கூட்டிவிடக்கூடும். அவன் எப்போது வெளியே வருகிறான் என்பதை, அவன் கதவைத் தட்டுவதற்கு முன் அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்வதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. பிணை நிபந்தனையில் நேரிலும் தொலைபேசியிலும் உறவினர் வழியாகவும் தொடர்புகொள்ளத் தடை இருக்க வேண்டும்; மீறினால் அன்றே விளைவு இருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து வரும் விளைவு அவனுக்குச் சொல்வது, "இவர்கள் ஒன்றும் செய்யமாட்டார்கள்" என்பதைத்தான்.

கேள்வி: அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். "கழுத்தைப் பிடித்தான்" என்று சொல்லும் பெண்களின் கழுத்தில் பல நேரம் ஒரு கீறல்கூட இருப்பதில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

எல்லாவற்றையும்விடப் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள், சகோதரி. இந்தக் கடிதத்துக்காகவே இப்பகுதியை இவ்வளவு நீட்டினேன் என்றுகூடச் சொல்லலாம்.

கழுத்தை நெரித்த 300 வழக்குகளின் கோப்புகளைச் சான் டியாகோ நகர அரசு வழக்கறிஞர் அலுவலகத்தினர் ஆராய்ந்தபோது, பாதி வழக்குகளில் வெளியே தெரியும் காயமே இல்லை. இன்னும் 35 சதவீதத்தில் காயம் படம் எடுக்க முடியாத அளவுக்குச் சிறியது. படத்தில் தெளிவாகத் தெரியும் காயம் சுமார் 15 சதவீதத்தில்தான் இருந்தது. அதனாலேயே பல ஆண்டுகளாக அவை சிறு கைகலப்பாகப் பதிவாகிவந்தன. ஆனால் கழுத்தின் இரத்தக் குழாய்களை அழுத்தினால் சில நொடிகளிலேயே நினைவு தப்பும். நிமிடங்களில் உயிர் போகும். குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் நாள்கள் கழித்தும் பக்கவாதம் வரலாம். துணைவரால் ஒருமுறை கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பிற்பாடு அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆகையால் கீறலைத் தேடுவதோடு நிறுத்தாமல் கேளுங்கள்: குரல் மாறியதா, விழுங்கும்போது வலிக்கிறதா, கண் இருண்டதா, நினைவு தப்பியதா, தன்னையறியாமல் சிறுநீர் பிரிந்ததா, அப்போது அவன் என்ன சொன்னான்? கண்ணின் வெண்பகுதியிலும் இமையின் உட்புறத்திலும் காதின் பின்புறத்திலும் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே மேற்கோளாக எழுதுங்கள். அந்தக் குறிப்பு ஒருநாள் நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேசும். "கழுத்தைப் பிடித்தான்" என்று அவள் மென்மையாகச் சொல்வதை "நெரித்தானா, மூச்சு நின்றதா" என்று நீங்கள் தெளிவுபடுத்திக் கேட்பது மிகையல்ல. பலருக்குத் தமக்கு நடந்ததன் கடுமையே தெரியாது. கொலையையும் கொலை முயற்சியையும் ஆராய்ந்த ஜாக்குலின் கேம்ப்பெல், அந்தப் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தம் ஆபத்தைக் குறைத்தே மதிப்பிட்டிருந்ததைக் கண்டார். அவர் உருவாக்கிய அபாய மதிப்பீட்டுக் கேள்விகளில் துப்பாக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது, கொலை மிரட்டல், அண்மையில் பிரிந்தது, அவனுக்கு வேலை இல்லாதது, கழுத்து நெரிப்பு ஆகியவை இடம்பெறுகின்றன. அவற்றைச் சுருக்கிக் காவலர்கள் வாசலிலேயே கேட்கும்படி சில இடங்களில் பதினொரு கேள்விகளாக்கியிருக்கிறார்கள். பதில்கள் கவலை தந்தால் அந்த இடத்திலிருந்தே உதவி மையத்துக்குத் தொலைபேசியில் இணைத்துவிடுகிறார்கள். மருத்துவமனையிலும் இதைச் செய்யலாம்.

கேள்வி: அடிப்பவன் வீட்டில் இருக்கிறான், அடிபட்டவள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு காப்பகத்துக்குப் போகிறாள். இது என்ன நியாயம்? (இரு பிள்ளைகளின் தாய்)

நியாயமே இல்லை. இதை முதலில் தலைகீழாக மாற்றியவற்றுள் ஆஸ்திரியா முக்கியமானது. 1997 மே மாதம் முதல் அங்கே காவல்துறை, ஆபத்து இருப்பதாகக் கருதினால், அடித்தவனை அந்த நிமிடமே வீட்டைவிட்டு வெளியேற்றிச் சாவியைப் பறித்துவிடலாம். வீடு அவன் பெயரில் இருந்தாலும் அது தடையில்லை. அந்தத் தடை இப்போது இரண்டு வாரம் நீடிக்கிறது. அதற்குள் அவள் நீதிமன்றத்தில் மனு செய்தால் மேலும் நீட்டிக்கப்படும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்த உத்தரவுக்கு அவளுடைய சம்மதம் கேட்கப்படுவதில்லை என்பது; ஆகவே "நீதான் என்னைத் துரத்தினாய்" என்று அவன் பழி சொல்ல முடியாது. அத்துடன் காவல்துறை உடனே உதவி மையத்துக்குத் தகவல் அனுப்ப, அம்மையத்தினர் தாங்களாகவே அவளைத் தேடி அழைக்கிறார்கள். உதவி எங்கே கிடைக்கும் என்று அவள் அலைய வேண்டியதில்லை.

கேள்வி: என்னை அவர் சுவரோடு சேர்த்து அழுத்தியபோது அவர் கையைக் கடித்தேன். வந்தவர்கள் அவர் கையிலுள்ள பல் தடத்தைப் பார்த்துவிட்டு என்மீதும் வழக்குப் போட்டுவிட்டார்கள்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கைது கட்டாயம் என்று ஆக்கப்பட்ட இடங்களில் பெண்கள் கைதாவதும் கூடியது. "இரண்டு பேர் உடலிலும் காயம், இரண்டு பேரையும் வண்டியில் ஏற்று" என்பது யோசிக்காமல் செய்யும் வேலை. முன்கையில் கடித்த தடம், முகத்தில் நகக் கீறல் போன்றவை பெரும்பாலும் பிடியிலிருந்து விடுபடப் போராடியவர் விட்டுச்செல்லும் தடயங்கள். யார் முதலில் கை வைத்தது என்பதோடு நிற்காமல், இந்த உறவில் யார் யாருக்கு அஞ்சி வாழ்கிறார், யாருடைய காயம் கடுமையானது, முன்பு நடந்தது என்ன என்று பார்த்து முதன்மைத் தாக்குநரைத் தீர்மானிக்க வேண்டும். அஞ்சி வாழ்பவர் ஆணாக இருந்தால், பாதுகாப்பு அவருக்குரியது. உங்கள் வழக்கறிஞரிடம் கடித்த தடத்தின் இடத்தையும் கோணத்தையும் மருத்துவக் குறிப்பிலிருந்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டி முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். அந்த ஒப்புதல் நாளை குழந்தைகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

கேள்வி: எங்கள் பகுதியில் சிலர் சேர்ந்து இதற்காக ஒரு குழு தொடங்க நினைக்கிறோம். முதல் மாதம் என்ன செய்யலாம்?

முதலில், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிவிடுகிறேன். கணவனையும் மனைவியையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பஞ்சாயத்துப் பேசும் குழுவாக மாறிவிடாதீர்கள். அவனுக்கு முன்னால் அவள் உண்மையைச் சொல்ல மாட்டாள். சொன்னால், வீடு திரும்பியதும் அதற்கான விலையைக் கொடுப்பாள்.

முதல் மாதத்தில் முடிந்துபோன வழக்குகள் பத்தை எடுங்கள். பெயரை மறைத்து, காவல்துறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம், மருத்துவமனை ஆகியவற்றின் அனுமதியுடன், ஒவ்வொன்றும் எந்த நாளில் எந்த மேசையில் நின்றது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இந்த வழியில் போய் வந்த பெண்கள் இரண்டு மூன்று பேரைக் குழுவில் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். காட்சிப்பொருளாக மேடையேற்றாமல், முடிவெடுக்கும் உறுப்பினர்களாக வையுங்கள். மொழி தெரியாத பெண்ணுக்கு அவளுடைய பத்து வயது மகனே மொழிபெயர்த்தான் என்பதுபோன்ற செய்திகள் எந்தக் கோப்பிலும் இருக்காது, அவர்கள்தான் சொல்வார்கள். காவல்துறையிடம் ஏற்கெனவே கசப்பான அனுபவம் உள்ள சமூகத்துப் பெண்கள் ஏன் அழைப்பதே இல்லை என்பதையும் அவர்களிடமிருந்தே அறிய முடியும்.

அடுத்ததாக, மிக ஆபத்தான நிலையிலுள்ள பெண்களைப் பற்றி மட்டும் பேச மாதம் ஒருமுறையோ இருமுறையோ கூடுங்கள். வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 2003இல் தொடங்கிய இந்த வழக்கம் பிறகு பிரிட்டன் முழுவதும் பரவியது. காவல்துறை, மருத்துவம், குழந்தைகள் நலம், வீட்டுவசதி ஆகிய துறையினர் ஒரே மேசையில் அமர்ந்து, ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் சில நிமிடங்களில் தத்தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். அவள் சார்பாகப் பேச ஓர் ஆதரவாளர் இருக்கிறார். ஒருவருக்குத் தெரிந்த பாதியும் இன்னொருவருக்குத் தெரிந்த பாதியும் அங்கே ஒன்றுசேர்கின்றன. அங்கே பேசியது அவன் காதுக்குப் போய்விட்டால் உயிர் போகும் என்பதால், இரகசியம் காக்கும் விதிகளை முதல் கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் வைத்துவிடுங்கள்.

அடித்தவர்களுக்கான பயிற்சி வகுப்புகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றால் கிடைக்கும் மாற்றம் சிறிதே என்று ஆய்வுகள் பல சொல்கின்றன. எனினும் வகுப்புக்கு வராத வாரமே நீதிபதி அவனைக் கூப்பிட்டுக் கேட்கும் ஏற்பாடு இருந்தால் தொடங்கலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தைப் பெண்களின் ஆதரவாளர் ஒருவரை நியமிக்கச் செலவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் பகுதியில் எப்போதாவது ஒரு பெண் கொல்லப்பட்டால், இரங்கல் கூட்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011 முதல், குடும்ப வன்முறையில் நேர்ந்த ஒவ்வொரு கொலைக்குப் பின்னும், இறந்தவர் யாரிடமெல்லாம் உதவி கேட்டார், அங்கே என்ன நடந்தது என்று பல துறையினர் சேர்ந்து ஆராய்ந்து எழுதுவது சட்டப்படி கட்டாயம். ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்குப்படி 2023இல் உலகெங்கும் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் சுமார் 51,100 பேர். ஒரு நாளைக்கு 140 பேர். அவர்களில் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு கதவைத் தட்டியிருப்பார்கள். உங்கள் பகுதியில் அது எந்தக் கதவு என்பதைத் தேதியோடு எழுதி, அந்த அலுவலகத்தின் தலைவரிடம் நேரில் கொடுங்கள். மூன்று மாதம் கழித்து மீண்டும் போய், என்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.